சார்ஜ் என்றாலே குற்றவாளியா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ‘சார்ஜ்’ என்ற ஒரே ஆங்கிலச் சொல்லைப் பற்றியவை. மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டேன்.

பினாங்கு, பிறையிலிருந்து ஒரு வாசகி: ஐயா, என் அண்ணன் மகன்மீது ஏமாற்று வழக்கு. ‘சார்ஜ் செய்யப்பட்டார்’ என்று படத்தோடு செய்தி வந்தது. அன்றிலிருந்து எங்கள் தாமான் குடியிருப்பில் அவனைக் குற்றவாளியாகவே பார்க்கிறார்கள். பெண் கொடுக்க இருந்த குடும்பமும் பின்வாங்கிவிட்டது. இப்போது நீதிமன்றம் அவனை டிஸ்சார்ஜ் செய்துவிட்டது. ஆனால் வழக்கறிஞர் ‘இது முழு விடுதலை இல்லை’ என்கிறார். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

அம்மா, ஜார்ஜ்டவுன் லைட் ஸ்திரீட் நீதிமன்றத்தில் நான் மொழிபெயர்ப்பாளராக இருந்தவன். கூண்டில் நிற்பவருக்குச் சார்ஜைத் தமிழில் வாசித்துக் காட்டுவது என் வேலை. அதனால் உங்கள் கடிதத்தை வருத்தத்தோடுதான் படித்தேன்.

சார்ஜ் செய்வது என்றால் குற்றம் சாட்டுவது. அவ்வளவுதான். இன்ன நாளில், இன்ன இடத்தில், இன்னாருக்கு எதிராக, இன்ன சட்டத்தின் இன்ன பிரிவின்கீழ் நீ குற்றம் செய்தாய் என்று அரசுத் தரப்பு எழுதிக் கொடுக்கும் தாள் அது. ஏமாற்று வழக்கு என்றால் பெரும்பாலும் குற்றவியல் சட்டத்தின் 420ஆவது பிரிவாக இருக்கும். அந்தத் தாளில் இருப்பது ஒரு தரப்பின் பேச்சு. நீதிபதி அப்போது இன்னும் ஒரு சாட்சியைக்கூடக் கேட்டிருக்க மாட்டார். நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் அதை மெய்ப்பிக்கும் கடமை முழுக்க அரசுத் தரப்புடையது.

சார்ஜ் வாசிக்கப்பட்டதும், ‘குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா?’ என்று கேட்பார்கள். மறுத்தால், நம் பத்திரிகைகள் ‘விசாரணை கோரினார்’ என்று எழுதும். அந்த இரண்டு சொற்களைப் பலர் கவனிப்பதே இல்லை. மேலே இருக்கும் படத்தைப் பார்த்துவிட்டுத் தீர்ப்பை வீட்டிலேயே எழுதிவிடுகிறார்கள். கைது, தடுப்புக் காவல், சார்ஜ், தீர்ப்பு எல்லாம் தனித்தனிப் படிகள். கடைசிப் படியில்தான் ஒருவர் குற்றவாளி ஆகிறார், அல்லது ஆகாமல் போகிறார். ‘சார்ஜ் பண்ணிவிட்டார்களாமே’ என்று ஒரு பிள்ளையின் திருமணத்தை நிறுத்துவது கொடுமை. உங்கள் தாமானில் இந்தப் பத்தியைப் படிப்பவர்கள் இருந்தால், இதை அவர்களுக்காகவும்தான் எழுதுகிறேன்.

இனி டிஸ்சார்ஜ். ஏற்றிய சுமையை இறக்குவது என்பது அதன் பழைய பொருள். நீதிமன்றத்தில் அது இரண்டு வகை. ஒன்று, ‘விடுதலை செய்து விடுவித்தல்’. குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை, வழக்கு முடிந்தது என்று பொருள். மலேசியக் கூட்டரசு அரசியலமைப்புச் சட்டத்தின் 7ஆவது பிரிவு, அப்படி விடுதலையானவரை அதே குற்றத்துக்காக மறுபடியும் விசாரிக்கக் கூடாது என்கிறது. மேல் நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்து மறுவிசாரணைக்கு உத்தரவிட்டால் மட்டுமே விதிவிலக்கு. மற்றது, ‘விடுதலைக்குச் சமமாகாத விடுவிப்பு’. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 254ஆவது பிரிவின்படி, தீர்ப்புக்கு முன் எந்தக் கட்டத்திலும் அரசுத் தரப்பு ‘இந்த வழக்கை இப்போது மேற்கொண்டு நடத்தவில்லை’ என்று சொல்லலாம். உங்கள் மருமகனுக்கு நடந்திருப்பது இது என்று தோன்றுகிறது. அவர் இன்று எந்தக் குற்றச்சாட்டும் இல்லாதவர். ஆனால் அரசுத் தரப்பு பின்னர் அதே குற்றச்சாட்டைத் திரும்பவும் கொண்டுவர முடியும்.

அதே பிரிவு, நீதிமன்றம் விரும்பினால் அந்த விடுவிப்பை முழு விடுதலையாகவே அறிவிக்கவும் இடம் தருகிறது. அதற்கு மனுச் செய்ய வழியுண்டா என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள். வழக்கு ஆவணங்களின் நகல்களையும் பத்திரமாக வைத்திருங்கள்.

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஐந்தாம் படிவ மாணவி: கைப்பேசிக்கும் சார்ஜ், ஹோட்டலிலும் சார்ஜ், நீதிமன்றத்திலும் சார்ஜ். யானை ஓடி வந்து தாக்கினாலும் சார்ஜ். ஒரு சொல்லுக்கு எப்படி ஐயா இத்தனை பொருள்?

நல்ல கேள்வி, மகளே. எல்லாம் ஒரு வண்டியிலிருந்து வந்தவை. லத்தீனில் ‘கர்ருஸ்’ என்றால் சரக்கு வண்டி. அதில் பாரம் ஏற்றுவதற்குப் பிற்கால லத்தீனில் ‘கர்ரிகாரே’ என்றார்கள். அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து சார்ஜ் ஆனது. நாம் ஓட்டும் கார், பட்டர்வொர்த் துறைமுகத்தில் இறங்கும் கார்கோ எல்லாம் அதே குடும்பம். ஒருவர் முகத்தை மிகைப்படுத்தி வரையும் கேரிகேச்சரும் அப்படித்தான். கோட்டில் ‘பாரம் ஏற்றி’ வரைந்தது என்ற இத்தாலியச் சொல் அது.

ஏற்றுவது எது என்பதைப் பொறுத்துப் பொருள் மாறும். பணத்தை ஏற்றினால் கட்டணம். பழியை ஏற்றினால் குற்றச்சாட்டு. பொறுப்பை ஏற்றினால் பதவி. துப்பாக்கியிலும் பீரங்கியிலும் வெடிமருந்து இடுவதும் சார்ஜ்தான். 1740களில் மின்சார ஆய்வுகளில் இறங்கிய பெஞ்சமின் பிராங்கிளின், பீரங்கிப் படையின் மொழியை அதற்குக் கடன் வாங்கினார். பேட்டரி என்பது பீரங்கிகளின் அணி. நீ இரவில் கைப்பேசியைச் செருகி வைக்கும்போது அந்தப் பீரங்கிக்காரர்களின் சொற்களைத்தான் பயன்படுத்துகிறாய். யானையின் பாய்ச்சலும் போர்க்களத்துச் சொல்தான். ஆயுதத்தைத் தாக்கத் தயாராக நீட்டிப் பிடிப்பது சார்ஜ். பிறகு நீட்டியபடி பாய்வதற்கும் அதே பெயர் வந்தது.

மலாய்மொழி இதை அழகாகப் பிரித்துக்கொண்டது. கட்டணம் என்றால் ‘சாஜ்’, மின்னேற்றம் என்றால் ‘சாஸ்’, நீதிமன்றக் குற்றச்சாட்டு ‘பெர்துடுஹான்’. தமிழிலும் பார். மின்னேற்றம் என்கிறோம், பழி சுமத்துகிறான் என்கிறோம், வரிச்சுமை என்கிறோம். ஏற்றம், சுமை என்ற அதே எண்ணம் நம்மிடமும் முன்பே இருக்கிறது. எஸ்.பி.எம். தேர்வுக் கட்டுரையில் சார்ஜ் எங்கே வந்தாலும், ‘இங்கே என்ன ஏற்றப்படுகிறது?’ என்று உன்னையே கேட்டுக்கொள். பொருள் தவறாது.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஒரு வாசகர்: உணவகப் பில்லில் சர்வீஸ் சார்ஜ், சர்வீஸ் டேக்ஸ் இரண்டும் போடுகிறார்கள். அரசாங்கம் இரண்டு முறை எடுக்கிறதா?

இல்லை. சர்வீஸ் டேக்ஸ்தான் அரசாங்க வரி. 2024 மார்ச் 1 முதல் பல சேவைகளுக்கு அது 8 விழுக்காடாக உயர்ந்தது. உணவு, பானத்துக்கு 6 விழுக்காடாகவே நின்றது. சர்வீஸ் சார்ஜ் அந்த உணவகமே போடுவது, வழக்கமாக 10 விழுக்காடு. அது அரசாங்கத்துக்குப் போவதில்லை. மெனுவின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும். ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

கிள்ளானிலிருந்து ஓர் ஆசிரியை: ‘இன் சார்ஜ்’ என்பதை மாணவர்கள் தலைகீழாக எழுதுகிறார்கள்.

ஒரு ‘தி’ செய்யும் வேலை அது. ‘இன் சார்ஜ் ஆஃப்’ என்றால் பொறுப்பாளர். ‘இன் தி சார்ஜ் ஆஃப்’ என்றால் ஒருவருடைய பொறுப்பில் இருப்பவர். தாதி வார்டுக்கு ‘இன் சார்ஜ்’. நோயாளி தாதியின் பொறுப்பில், அதாவது ‘இன் தி சார்ஜ்’.

ஆயர் ஈத்தாமிலிருந்து பணி ஓய்வு பெற்ற வாசகர்: வீட்டுக்கடனைக் கட்டி முடித்துவிட்டேன். வங்கிக் கடிதத்தில் ‘டிஸ்சார்ஜ் ஆஃப் சார்ஜ்’ என்று இருக்கிறது. இன்னும் ஏதோ கட்டணம் கேட்கிறார்களோ?

பயப்பட வேண்டாம் ஐயா, அது மகிழ்ச்சியான கடிதம். நம் நாட்டின் தேசிய நிலச் சட்டத்தில், கடனுக்கு ஈடாக நிலத்தின்மீது பதிவாகும் உரிமைக்குத்தான் சார்ஜ் என்று பெயர். மலாயில் ‘காடாயான்’. நீங்கள் கடன் வாங்கியபோது 16ஏ பாரத்தில் (படிவத்தில்) கையெழுத்திட்டிருப்பீர்கள். அந்தப் பதிவை நீக்குவதற்கான பாரம் 16என். அதில் வங்கி கையெழுத்திட வேண்டும்.

கடன் முடிந்தது என்று வங்கி சொன்னதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். 16என் பாரத்தை, கிராண்ட் எனும் மூல நிலப்பட்டாவுடனும் 16ஏ பாரத்தின் பிரதியுடனும் நில அலுவலகத்தில் பதிந்தால்தான் கிராண்டிலிருந்து வங்கியின் பெயர் போகும். பதியாமல் விட்டால், நாளை பிள்ளைகள் வீட்டை விற்கவோ பெயர் மாற்றவோ போகும்போது அந்தப் பழைய சார்ஜ் அங்கேயே நிற்கும். வழக்கறிஞர் செலவும் பதிவுக் கட்டணமும் உண்டு. அதை மிச்சப்படுத்தப் பார்க்காதீர்கள். அடுக்குமாடி வீடாக இருந்து, தனிப்பட்டா இன்னும் வெளிவராத நிலையில் கடன் வாங்கியிருந்தால் முறை வேறு. அப்போது வங்கி, வீட்டின்மீதான உரிமையை உங்களுக்கே மாற்றித் தரும் பத்திரம் வேண்டும். உங்கள் வீட்டுக்குக் கிராண்ட் வெளிவந்திருக்கிறதா என்பதை முதலில் வங்கியில் விசாரித்து, பிறகு வழக்கறிஞரைப் பாருங்கள்.