ஃபிளாப்பி டிரைவ் பழுதான பழைய டிஸ்க்ளாவியர் பியானோவை (தானாகவே வாசிக்கும் யமாஹா பியானோ) ராஸ்பெரி பை என்ற சிறு கணினியை வைத்து இயக்க முடியுமா?

தாராளமாக முடியும். பின்புறம் மிடி இன் (வாசிப்புக் கட்டளைகளை உள்வாங்கும்) துளை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பியானோவைத் திறக்கவே வேண்டாம். ஒரு யூஎஸ்பி மிடி கேபிளின் அவுட் முனையை அதில் செருகுங்கள். சில மலிவு கேபிள்களில் பெயர் தலைகீழாக இருக்கும். சத்தம் வராவிட்டால் முனையை மாற்றிப் பாருங்கள். அப்புறம் ராஸ்பெரி பையில், மிடி கோப்பை வாசித்து அனுப்பும் ஏபிளேமிடி நிரல் போதும்.

பலரும் திகைப்பது அரை வினாடித் தாமதத்தைப் பார்த்துத்தான். அது பழுதல்ல. மென்மையாக அடிக்கும் சுத்தியல் கம்பியைத் தொட அதிக நேரம் எடுக்கும், பலமாக அடிப்பது சட்டென்று தொட்டுவிடும். இதைச் சரிக்கட்டவே பியானோ ஒவ்வொரு ஸ்வரத்தையும் சுமார் 500 மில்லிவினாடி கையில் வைத்திருந்து வாசிக்கிறது. ராஸ்பெரி பை வழியாகப் பாடகர் குரலும் ஒலித்தால், குரலையும் அதே அளவு தாமதப்படுத்துங்கள்.

இணையத்தில் கிடைக்கும் மிடி கோப்பை அப்படியே அனுப்பாதீர்கள். 10ஆம் சேனலில் (வாத்தியத் தடத்தில்) இருக்கும் டிரம்ஸைப் பியானோ கட்டைகளில் தட்டித் தீர்த்துவிடலாம்! பியானோ சேனலை மட்டும் விடுங்கள். பாட்டை நடுவில் நிறுத்தினால் எல்லா ஸ்வரங்களையும் விடுவிக்கும் கட்டளையும் (கன்ட்ரோல் 123) போகட்டும். இல்லையென்றால் கட்டை அழுந்தியபடி நின்று, அதை இயக்கும் சோலனாய்டு (மின்காந்தம்) சூடாகும்.

பழைய ஃபிளாப்பி டிஸ்க்குகளில் பெரும்பாலும் இருப்பது யமாஹாவின் ஈ-செக் என்ற கோப்பு வடிவம். மிடியாக மாற்ற இலவச நிரல்கள் உண்டு. ஆனால் டிஸ்க் கெடுவதற்குள் முதலில் நகலெடுங்கள்.