கேளுங்கள், சொல்கிறோம்: ஒரே டி.என்.ஏ., வெவ்வேறு செல்கள்

கேள்வி: உடலின் எல்லாச் செல்களிலும் ஒரே டி.என்.ஏ.தான் என்றால், நரம்புச் செல்லும் தசைச் செல்லும் வேறு வேறாக ஆவது எப்படி?

பதில்: மனித டி.என்.ஏ.வில் புரதம் தயாரிக்கும் மரபணுக்கள் சுமார் 20,000. எந்தச் செல்லும் அத்தனையையும் படிப்பதில்லை. தனக்கு வேண்டியவற்றை மட்டும் ஆர்.என்.ஏ.வாக, அதாவது புரதம் செய்யப் பயன்படும் நகலாக, படியெடுக்கிறது. எதைப் படியெடுப்பது என்பதைத் தீர்மானிப்பவை டி.என்.ஏ.வில் ஒட்டிக்கொள்ளும் சில புரதங்கள். மயோடி என்ற அத்தகைய புரதத்தின் மரபணுவை 1987இல் எலியின் ஃபைப்ரோபிளாஸ்ட் (இணைப்புத் திசு) செல்களுக்குள் செலுத்தியபோது, அவை தசைச் செல்களாகவே மாறின. எல்லா வகைச் செல்லிலும் இது பலிக்காது. தேவையான மரபணுக்கள் இறுகச் சுருண்டு கிடந்தால் மயோடியால் மட்டும் அவற்றைத் திறக்க முடிவதில்லை.

எடுத்த முடிவு செல் பிரிந்த பிறகும் நிலைக்க வேண்டுமே? அணைந்த மரபணுக்கள் பலவற்றின் மேல் மெத்தில் என்ற வேதிக்குறி இருக்கும். டி.என்.ஏ. இரட்டிக்கும்போது ஒரு நொதி அந்தக் குறியைப் புதிய இழையிலும் பதிக்கிறது. கல்லீரல் செல் பிரிந்தால் கல்லீரல் செல்லே கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: பி12 குறைந்தால் சிவப்பணு பெரிதாகும் என்கிறார்கள். சத்துக் குறைந்தால் சிறுத்துத்தானே போக வேண்டும்?

பதில்: அருமையான கேள்வி. சிவப்பணு உருவாகும் விதத்திலேயே இதற்கு விடை இருக்கிறது. எலும்பு மஜ்ஜையில் அதன் முன்னோடிச் செல் அடுத்தடுத்துப் பிரிகிறது. ஒவ்வொரு முறையும் அளவில் சிறுக்கிறது, ஹீமோகுளோபின் நிரம்புகிறது. கடைசியில் உட்கரு சுருங்கி வெளியே தள்ளப்படுகிறது. அதை மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கு செல் விழுங்கிவிடும். மிஞ்சும் இளம் சிவப்பணுவுக்கு ரெட்டிகுலோசைட் என்று பெயர். அது ரத்தத்துக்கு வந்து ஓரிரு நாளில் முதிர்ந்து, சுமார் 120 நாள் உழைக்கிறது.

பி12 அல்லது ஃபோலேட் (மாத்திரையில் ஃபோலிக் அமிலம்) என்ற வைட்டமின் குறைந்தால் டி.என்.ஏ. தயாரிப்பு தடுமாறும், புரதத் தயாரிப்போ தொடரும். செல் வளர்கிறது, பிரிய முடியவில்லை. பல செல்கள் மஜ்ஜையிலேயே மடிகின்றன, தப்பி வருபவை பெரிதாக இருக்கின்றன. ரத்தப் பரிசோதனைத் தாளில் எம்.சி.வி. (சிவப்பணுவின் சராசரிக் கன அளவு) 100 ஃபெம்டோலிட்டரைத் தாண்டுவது இதனால்தான் (வழக்கமான அளவு 80 முதல் 100). இரும்புச்சத்துக் குறைபாட்டில் நேர் எதிர்: ஹீமோகுளோபின் நிரம்பாமலே செல் சிறுத்து, எம்.சி.வி. 80க்குக் கீழே போகும். இரண்டு குறைபாடும் சேர்ந்திருந்தால் அந்த எண் இயல்பாகவே தெரியலாம். அந்த ஒரு எண்ணை மட்டும் பார்த்து நிம்மதி அடைந்துவிடாதீர்கள்.

இன்னொரு எச்சரிக்கை. பி12 குறைபாடு இருக்கும்போது ஃபோலிக் அமில மாத்திரை மட்டும் சாப்பிட்டால் ரத்தம் தேறிவிடும். நரம்புச் சேதமோ உள்ளே தொடரும். கைகால் மரத்துப்போனால் இரண்டு சத்தையும் பரிசோதித்துவிட்டே ஃபோலிக் அமிலம் தொடங்க வேண்டும். சரியான சிகிச்சையில் முதலில் கூடுவது ரெட்டிகுலோசைட் எண்ணிக்கை. ஒரு வாரத்துக்குள் தெரியும்.

கேள்வி: முதிர்ந்த செல்லை மறுபடி குருத்தணுவாக்க முடியுமா?

பதில்: முடியும். குருத்தணு என்பது வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய செல். ஜப்பானிய விஞ்ஞானி ஷின்யா யமனாகா 2006இல் எலியின் ஃபைப்ரோபிளாஸ்டில் நான்கே மரபணுக்களைச் செலுத்தி அதைச் செய்துகாட்டினார். 2012இல் பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜான் கர்டனோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அந்த நான்கில் ஒன்றான சி-மிக், புற்றுநோயைத் தூண்டக்கூடியது. தவிர, இப்படி ஆக்கிய குருத்தணுக்களைச் சிகிச்சைக்கு வேண்டிய செல்லாக மாற்றும்போது சில எதுவாகவும் மாறாமல் தங்கிவிட்டால், உடலுக்குள் டெரட்டோமா என்ற கட்டியாக வளரலாம். அதனால் சிகிச்சைக்கு அனுப்பும் முன், மாறாத செல் மிச்சமிருக்கிறதா என்று சோதிப்பது கட்டாயம்.