மினுக்கும் மானிட்டர்: கேள்வி பதில்

கோவையில் 20 ஆண்டுகளுக்கு மேலாக மானிட்டர் பழுது பார்த்து வருகிறேன். திரை மினுக்குகிறது என்று என் மேசைக்கு வந்தவற்றில் பல, தம்மிடம் எந்தக் குறையும் இல்லாமலேயே வந்தவை. ஆகவே, கோளாறு எங்கே பிறக்கிறது என்று தெரியும் வரை எதையும் வாங்க வேண்டாம் என்பதே எல்லோரிடமும் நான் வைக்கும் வேண்டுகோள்.

ஈரோடு, மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுபவர்: ஐயா, ஒரு வாரமாக மானிட்டர் மினுக்குகிறது. புதிது வாங்கிவிடுங்கள் என்கிறார் கடைக்காரர். வாங்கிவிடலாமா?

பொறுங்கள். மானிட்டரின் ஓரத்திலோ அடியிலோ உள்ள பொத்தானை அழுத்தினால், வெளிச்சத்தையும் நிறத்தையும் மாற்றுவதற்கான மெனு திரையில் வரும். அந்த மெனு கணினியிலிருந்து வருவதில்லை. மானிட்டர் தானே வரைந்து காட்டுவது. பின்னால் படம் மினுக்கிக்கொண்டிருக்க, மெனு மட்டும் அசையாமல் நின்றால், கோளாறு கணினியிலிருந்து படத்தைக் கொண்டுவரும் டிஸ்ப்ளே கேபிளிலோ கணினியிலோ இருக்கிறது என்று கொள்ளலாம். மெனுவும் சேர்ந்து மினுக்கினால் மானிட்டரின் உட்பகுதியையோ அதற்கு வரும் மின்சாரத்தையோ சந்தேகிக்க வேண்டும். திரை முழுவதும் ஓரிரு நொடி கறுத்துத் திரும்புகிறது என்றால் மட்டும் இந்தச் சோதனையை நம்ப முடியாது. சிக்னல் அறுபடும்போது மெனுவும் மறைந்துவிடலாம். அப்போது டிஸ்ப்ளே கேபிளைக் கழற்றிவிட்டு, சிக்னல் இல்லை என்று மானிட்டர் காட்டும் எழுத்துகள் நிலையாக நிற்கின்றனவா என்று பாருங்கள். பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

சோமனூர், விசைத்தறி உரிமையாளர்: தறிகளை ஓட்டத் தொடங்கும் போதெல்லாம் அலுவலக அறையின் திரை ஒரு நொடி கறுத்துத் திரும்புகிறது. ஸ்டெபிலைசர் போட்டால் சரியாகிவிடுமா?

நம் பகுதியில் தறி, கம்ப்ரசர், ஆழ்துளைக் கிணற்று மோட்டார் என்று ஏதாவது ஒன்று கணினிக்கு அருகில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. எனவே இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். மோட்டார் புறப்படும் கணத்தில், அது வழக்கமாக இழுக்கும் மின்னோட்டத்தைப் போல 5 முதல் 7 மடங்கு வரை இழுக்கும். அதனால் மின்னழுத்தம் சற்றே இறங்கும். ஆனால் இன்றைய மானிட்டர்களில் பெரும்பாலானவை 100 முதல் 240 வோல்ட் வரை எதையும் ஏற்று வேலை செய்பவை என்பதால், 230 வோல்ட் சற்று இறங்கியதற்காக மட்டும் அவை கறுத்துவிடுவதில்லை. ஸ்டார்ட்டரின் தொடுமுனைகளில் எழும் தீப்பொறியால் உண்டாகும் மின்னிரைச்சல் எர்த் வழியாகவும், மோட்டார் வயரோடு ஒட்டி ஓடும் நீளமான டிஸ்ப்ளே கேபிள் வழியாகவும் நுழைந்து சிக்னலைக் கெடுப்பதையே நான் அதிகம் கண்டிருக்கிறேன்.

முதலில், கணினிக்கு மெயின் போர்டிலிருந்து தனி லைன் இழுக்கச் சொல்லுங்கள். எர்த் சரியாக இருக்கிறதா என்று வயர்மேனைக் கொண்டு கருவி வைத்து அளந்து பார்க்கச் செய்யுங்கள். எர்த் கம்பி பூமிக்குள் இறங்கியிருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டால் போதாது. கணினியையும் மானிட்டரையும் ஒரே பிளக் பலகையில் செருகுங்கள். டிஸ்ப்ளே கேபிள் தேவைக்கு மேல் நீளமாக இருக்க வேண்டாம். அது மோட்டார் வயரைக் கடந்தே ஆக வேண்டுமென்றால் குறுக்காகக் கடக்கட்டும், கூடவே ஓட வேண்டாம். ரிலே என்னும் தானியங்கி சுவிட்ச் வைத்த சாதாரண ஸ்டெபிலைசர் மாறும்போது அதுவே ஒரு சிறு குலுக்கலைத் தருவதால், அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கணினியே அணைந்து எழுகிறது என்றால் மட்டும் நல்ல யு.பி.எஸ். ஒன்றை வாங்குங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அறையில் ஒரு விளக்கு மங்கும்போது மற்றொன்று வழக்கத்தை விடப் பிரகாசமாக எரிந்தால், மூன்று ஃபேஸ் இணைப்பில் நியூட்ரல் லூசாகியிருக்கலாம். அப்படி ஆகிவிட்டால் 230 வோல்ட்டுக்கு உரிய கருவிக்கு 400 வோல்ட்டை நெருங்கும் அழுத்தம்கூடப் போய்ச் சேரும். பொருளும் எரியும், உயிருக்கும் ஆபத்து. உடனே மெயினை நிறுத்திவிட்டு மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். மானிட்டரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

திருப்பூர், பின்னலாடை டிசைனர்: திரை எனக்கு நன்றாகத்தான் தெரிகிறது, ஆனால் மாலையில் கண் வலிக்கிறது. கைப்பேசி கேமராவில் பார்த்தால் கறுப்புப் பட்டைகள் ஓடுகின்றன.

முதலில் அறை விளக்குகளை அணைத்துவிட்டுப் பாருங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் சில விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும். அதுவும் கேமராவில் பட்டையாக விழும். விளக்கை அணைத்த பின்னும் பட்டை இருந்தால் அது மானிட்டரின் பேக்லைட், அதாவது திரைக்குப் பின்னிருந்து ஒளி தரும் விளக்கு. வெளிச்சத்தைக் குறைக்கும்போது பல மானிட்டர்கள் பேக்லைட்டை நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை அணைத்து ஏற்றி, அணைந்திருக்கும் நேரத்தைக் கூட்டுகின்றன. கண் அதைத் தனியாகக் காண்பதில்லை, ஆனால் சிலருக்கு வலியும் தலைவலியும் வருகின்றன. வெள்ளைத் திரைக்கு முன் ஒரு பென்சிலை வேகமாக ஆட்டுங்கள். ஒரே மங்கலாகத் தெரியாமல் தனித்தனிப் பென்சில்களாகத் தெரிந்தால் ஐயம் வேண்டாம். மானிட்டரின் வெளிச்சத்தை உயர்த்தி வைத்துவிட்டு, கண் கூசாதபடி கான்ட்ராஸ்டைக் குறைத்துப் பாருங்கள். நாள் முழுவதும் நிறம் பார்க்கும் தொழில் உங்களுடையது. அடுத்த முறை வாங்கும்போது ‘ஃப்ளிக்கர் ஃப்ரீ’ என்று குறிப்பிட்டதையே கேட்டு வாங்குங்கள்.

கோபிசெட்டிபாளையம், ஜெராக்ஸ் கடை நடத்துபவர்: காலையில் போட்டதும் அரை மணி நேரம் துடிக்கிறது, சூடானதும் சரியாகிவிடுகிறது. மெனுவும் சேர்ந்தே துடிக்கிறது.

மானிட்டருக்குள் மின்சாரம் தரும் பவர் போர்டில் உள்ள, மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டர்கள் தேய்ந்துவிட்டதன் அடையாளம் இது. காய்ந்துபோன கெப்பாசிட்டர் குளிர்ந்திருக்கும்போது சரியாக வேலை செய்யாது, சூடேறியதும் ஓரளவு தேறும். தலை உப்பியிருந்தால் பார்த்தவுடனே தெரியும். உப்பாமலே கெட்டுப்போவதும் உண்டு. படம் தெரியும் திரைப் பகுதியான பேனலின் விலையோடு ஒப்பிட்டால் கெப்பாசிட்டருக்கு ஆகும் செலவு மிகச் சிறியது. ஆகவே பழைய இரும்புக்குப் போட்டுவிடாமல் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். நீங்களே திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே பெரிய கெப்பாசிட்டரில் 325 வோல்ட் வரை தங்கியிருக்கக்கூடும்.

பொள்ளாச்சி, கல்லூரி மாணவர்: அண்ணா, லேப்டாப் மூடியைச் சற்றுச் சாய்த்தால் மினுக்குகிறது, நிமிர்த்தினால் நின்றுவிடுகிறது.

தம்பி, கீல் வழியாகத் திரைக்குப் போகும் மெல்லிய கேபிள் நைந்திருக்கிறது, அல்லது அதன் முனை தளர்ந்திருக்கிறது. வீட்டு டிவியில் இணைத்துப் பாருங்கள். அங்கே படம் நிலையாக இருந்தால் கிராபிக்ஸ் பக்கம் குறையில்லை. பேனல் மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால், முதலில் கேபிளை மாற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

பெருந்துறை, வீட்டிலிருந்து வேலை செய்பவர்: நாற்காலியை விட்டு நான் எழுந்தால் திரை ஒரு கணம் அணைந்து வருகிறது. சொன்னால் வீட்டில் யாரும் நம்பவில்லை.

நான் நம்புகிறேன். கேஸ் லிஃப்ட் வைத்த சுழல் நாற்காலியிலிருந்து எழும்போது நிலைமின்சாரம் பாய்ந்து ஒரு மின்காந்தத் துடிப்பை எழுப்பும். மின்னிரைச்சலைத் தடுக்கும் உலோக மேலுறை நன்றாக இல்லாத டிஸ்ப்ளே கேபிள் அதைப் பிடித்துக்கொள்ளும். நல்ல மேலுறையும் முனையில் மின்னிரைச்சலை அடக்கும் ஃபெரைட் உருளையும் கொண்ட கேபிளாக மாற்றுங்கள். காற்று வறண்ட நாட்களில் இது கூடுதலாக நிகழும்.

சங்ககிரி, எடைமேடை அலுவலகம்: எங்களிடம் இன்னும் பழைய பிக்சர் ட்யூப் மானிட்டர்தான். படம் பக்கவாட்டில் நடுங்குகிறது.

பக்கத்தில் ஸ்டெபிலைசர், டிரான்ஸ்பார்மர், ஸ்பீக்கர் ஏதாவது இருந்தால் ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள். ட்யூபில் எலெக்ட்ரான் கற்றையைக் காந்தப்புலம் இழுக்கும், எல்.சி.டி.க்கு அந்தத் தொல்லை இல்லை. நடுங்காமல் மினுக்க மட்டும் செய்தால், நொடிக்கு எத்தனை முறை படம் வரையப்படுகிறது என்ற புதுப்பிப்பு வேகத்தை 60 ஹெர்ட்ஸிலிருந்து 75 அல்லது 85 ஆக உயர்த்துங்கள், மானிட்டர் அதை ஏற்குமானால்.

ஈரோடு, முன்பு கேட்டவர்: நீங்கள் சொன்னபடி பார்த்தேன் ஐயா. மெனு அசையவில்லை, படம்தான் மினுக்குகிறது. அடுத்து என்ன செய்வது?

மகிழ்ச்சி, மானிட்டருக்கான பணம் மிச்சம். இரு முனைகளிலும் கேபிளைக் கழற்றி அழுத்திச் செருகுங்கள், வி.ஜி.ஏ. என்னும் பழைய வகைக் கேபிள் என்றால் பக்கத்துத் திருகுகளையும் முடுக்குங்கள். பிறகு, வேலை செய்வது உறுதியாகத் தெரிந்த வேறொரு கேபிளைப் போட்டுப் பாருங்கள். அதற்கும் நிற்கவில்லையென்றால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறவுங்கள். அதுவும் சேர்ந்து மினுக்கினால் திரையை இயக்கும் மென்பொருளான டிஸ்ப்ளே டிரைவரைப் புதுப்பிக்கவோ பழையதற்குத் திருப்பவோ வேண்டும். அது மட்டும் மினுக்காமல் நின்றால் ஏதோ ஒரு மென்பொருளின் வேலை. கேபிளை மாற்றியதுமே நின்றுவிட்டால், பழைய கேபிளை வெட்டிப் போட்டுவிடுங்கள். மேசை டிராயரில் வைத்தால், ஆறு மாதம் கழித்து வேறொருவர் அதை எடுத்து மாட்டுவார்.