காயட்டும், விடுங்கள்

வணக்கம் அக்கா,

நான் கொழும்பில் பிறந்து வளர்ந்தவள். போன புரட்டாதியில் கணவரின் தாய் தகப்பனுடைய காணிக்கு, கிளிநொச்சிக்கு வந்துவிட்டோம். மகளுக்கு ஐந்து வயது, மகனுக்கு மூன்று. மழை தொடங்கியதும் பிள்ளைகளோடு சேர்ந்து வெண்டி, கத்தரி, பயற்றை, பூசணி எல்லாம் போட்டோம். மாசி வரைக்கும் கடையில் மரக்கறி வாங்கவே இல்லை. இப்போது ஆனி மாதம். காற்று அடித்து எல்லாம் கருகிவிட்டது. மகள் வாளி வாளியாகத் தண்ணீர் அள்ளி ஊற்றுகிறாள், விடிய எழும்பிப் போய்ப் பார்த்துவிட்டு அழுகிறாள். கிணற்றிலும் தண்ணீர் இறங்கிவிட்டது. அவர் குழாய்க்கிணறு அடிக்கலாம் என்கிறார். வருடம் முழுக்கப் பச்சையாக வைத்திருக்க என்ன செய்யலாம்? நிழல்வலையா, சொட்டுநீரா? பிள்ளைகளுக்குப் பருவகாலங்களைச் சொல்லிக்கொடுக்கவும் ஆசை, ஆனால் இங்கே மழையும் வெயிலும் தவிர வேறொன்றும் இல்லையே? மண்ணில் விளையாடினால் கிருமி தொற்றுமோ என்றும் பயம். பழைய வெடிபொருள் கிடக்கும் என்று மாமி வேறு பயமுறுத்துகிறா.

அன்புடன்,
க.

அன்புள்ள தங்கச்சி,

எங்கள் ஒழுங்கையில் புதிதாக வீடு கட்டிய ஒருவர் முற்றம் முழுக்கப் புல் பதித்து, இந்த ஆனி வெயிலில் காலையும் பின்னேரமும் மோட்டர் போட்டு நனைக்கிறார். அதைப் பார்த்து வயிறு எரிந்துகொண்டிருந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது. அவருக்குச் சொல்ல வேண்டியதையும் சேர்த்து உங்களுக்குச் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிருமிக்குப் பதில்: செருப்புப் போடுங்கள், கை கழுவுங்கள், வயிற்றுப் பூச்சிக்கான மருந்தை நேரத்துக்குக் கொடுங்கள். அவ்வளவுதான். நிழல்வலையை நாற்றுமேடைக்குப் போடுங்கள், முழு வளவுக்கும் போடுவது விசர் வேலை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வைகாசி, ஆனியில் வெள்ளவத்தையில் ஒழுங்கை எல்லாம் வெள்ளம் நிற்பதைப் பார்த்து வளர்ந்த ஆள் நீங்கள். அந்த மழையைக் கொண்டுவரும் காற்றுத்தான் இங்கேயும் வருகிறது. வரும் வழியில் மலைநாட்டின் மேற்குப் பக்கத்தில் ஈரத்தை எல்லாம் கொட்டிவிட்டு, வெறுங்கையோடு, புழுதியைக் கிளப்பிக்கொண்டு வன்னிக்குள் நுழைகிறது. அதைத்தான் நாங்கள் சோளகம் என்கிறோம். எங்களுடைய மழை வாடைக்காற்றோடு வருவது, ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. அந்த மூன்று மாதத்தில் பெய்வதைக் குளத்திலும் கிணற்றிலும் பிடித்து வைத்துக்கொண்டு மிச்ச வருடத்தை ஓட்டுகிற ஊர் இது. வன்னியில் எங்கே திரும்பினாலும் ஊர்ப் பெயர் குளத்தில் முடிவது சும்மா இல்லை.

இரணைமடுவைப் பிள்ளைகளுக்குக் காட்டியிருப்பீர்கள். கனகராயன் ஆற்றை மறித்து 1920 இல் கட்டி முடித்த குளம். 2018 மார்கழியில் வான்கதவுகளைத் திறந்துவிட்டபோது கீழே ஊரெல்லாம் வெள்ளத்தில் நின்றது. அவ்வளவு தண்ணீர் பிடிக்கிற குளத்திலேயே சிறுபோகம், அதாவது குளத்துத் தண்ணீரை நம்பி வெயில் காலத்தில் செய்யும் நெல், என்று வந்தால் என்ன நடக்கிறது தெரியுமா? கமக்காரரும் அதிகாரிகளும் கூட்டம் கூடி, குளத்தில் எத்தனை அடி நிற்கிறது என்று பார்த்து, அதற்கு எத்தனை ஏக்கர் தாங்கும் என்று முடிவெடுக்கிறார்கள். மிச்ச வயல் சும்மா கிடக்கும். சண்டை வரும், பங்கு போதாது என்று கத்துவார்கள், ஆனாலும் குளத்தில் இல்லாத தண்ணீருக்கு யாரும் விதைப்பதில்லை. பரம்பரை பரம்பரையாக நெல் விதைக்கிறவனே ஆனியில் வயலைக் காயவிட்டுவிட்டு மாட்டை மேயவிடுகிறான். நீங்கள் என்னவென்றால், நாலு வெண்டிக்கும் ஒரு பூசணிக் கொடிக்கும் நிலத்தைத் துளைக்கப் போகிறீர்கள். நிலத்தடித் தண்ணீர் உங்கள் வேலியோடு நிற்பதில்லை, தங்கச்சி. நீங்கள் மோட்டர் போட்டு இழுக்க, பக்கத்து வளவில் தனியாக இருக்கிற ஆச்சியின் கிணற்றில்தான் அது முதலில் தெரியும். உங்கள் கணவரிடம் இதை வாசித்துக் காட்டுங்கள், கோபித்தால் கோபிக்கட்டும்.

பிள்ளை அழுகிறாள் என்கிறீர்கள். அழட்டும். தன் கையால் நட்டது செத்தால் அழாமல் என்ன செய்யும் ஒரு பிள்ளை? பக்கத்தில் குந்தியிருந்து, "ஓமடா செல்லம், செத்துப்போச்சு, இது அதுக்கான காலம்" என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு அந்தக் கருகின வெண்டியைப் பிடுங்கி எறியாமல் முற்றின காயை அவள் காதோரம் பிடித்து ஆட்டிக் காட்டுங்கள். உள்ளே விதை கலகலக்கும். பயற்றை நெற்றை உடைக்கக் கொடுங்கள். பூசணி விதையைக் கழுவிச் சாம்பலில் பிரட்டி வெயிலில் காயவைக்கச் சொல்லுங்கள், மூன்று வயதுக்காரனுக்கு அதைவிட நல்ல வேலை உலகத்தில் இல்லை. (பக்கற்றில் வாங்கின கலப்பின விதை என்றால் அடுத்த முறை அதே காய் வராது. நாட்டு விதை யாரிடமாவது கேட்டு வாங்குங்கள், மாமியிடமே இருக்கும்.) வெயில் காலம் தோட்டக்காரனுக்கு விதை காலம். வருடம் முழுக்கப் பச்சையாக வைத்திருந்தால் இந்தப் பாதியை அந்தப் பிள்ளை எப்போது பார்க்கும்? யூரியூப்பிலா?

அப்புறம், மழையும் வெயிலும் தவிர ஒன்றுமில்லை என்று எழுதினீர்களே, அதற்குத்தான் எனக்கு உண்மையில் கோபம் வந்தது. மார்கழி, தையில் விடியற்காலைப் பனியில் வேலியோரப் புல் நனைந்து கிடந்ததை நீங்கள் பார்க்கவில்லையா? கார்த்திகைப் பூ பற்றைக்குள் பூத்ததை? சித்திரையில் வேம்பு பூத்திருக்கும், மாமி வடகம் போட்டிருப்பா. இப்போது பாலைப்பழக் காலம், சந்தைக்கு வரும், வாங்கிக் கொடுங்கள். பால் உதட்டில் ஒட்டிக்கொண்டு பிள்ளைகள் படும் பாட்டைப் பார்த்துச் சிரியுங்கள். காட்டுக்குள் போய்ப் பறிக்க நினைக்காதீர்கள், கரடிக்கும் அந்தப் பழம் என்றால் உயிர். பிறகு நாவல், நாக்கு ஊதாவாகும். பிறகு விளாம்பழம். ஆவணியில் பனம்பழம் தொப்பென்று விழும். உதட்டிலும் நாக்கிலும் பிடிபடுகிற பருவத்தை எந்தப் படப் புத்தகத்தில் தேடுகிறீர்கள்?

வெடிபொருள் விஷயம். மாமி பயமுறுத்துகிறா என்று எழுதியிருக்கிறீர்கள். மாமி பயமுறுத்தவில்லை. மாமிக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம். போர் முடிந்து 2010 இல் நாங்கள் திரும்பி வந்தபோது என் மகனுக்கு உங்கள் மகளின் வயது. ஒழுங்கைக்கு அந்தப் பக்கம் கயிறு கட்டி, மண்டையோட்டுப் படம் போட்ட மிதிவெடிப் பலகை தொங்கியது. எங்கள் பக்கம் துப்புரவாக்கி முடிந்துவிட்டது என்று சொன்னார்கள், ஆனாலும் எந்தத் தாய் நம்புவாள்? தகரக் கொட்டிலின் சீமெந்துத் தரையில்தான் அவன் விளையாடினான். தடியால் மண்ணைக் கிண்டினால் அடி விழும். இரும்பு எதையாவது கையில் எடுத்தால் அதைவிடப் பெரிய அடி. மழை பெய்து வளவெல்லாம் முளைத்து நின்ற அந்தக் கார்த்திகையில் அவன் வாசற்படியில் குந்தியிருந்து பார்த்துக்கொண்டே இருப்பான், இறங்கமாட்டான். நான் இறங்கச் சொன்னாலும் இறங்கமாட்டான். இன்றைக்கு மீசை முளைத்துவிட்டது, மண்வெட்டியை எடுத்துவா என்றால் முகத்தைச் சுழிக்கிறான். சோம்பல் என்று மற்றவர்கள் சொல்வார்கள். நான் ஒன்றும் சொல்வதில்லை.

ஆகவே மாமியோடு சண்டை பிடிக்காதீர்கள். வளவில் எந்தப் பகுதி உழுது பயிர் வைத்த நிலம், எது தொடாமல் கிடந்த பற்றை என்று அவவிடமே கேளுங்கள். பிள்ளைகள் உழுத இடத்தில் கிண்டட்டும். பற்றைப் பக்கம் குப்பை கூட்டி நெருப்பு வைக்காதீர்கள். தெரியாத பொருள் எதைக் கண்டாலும் தொடாமல், கிட்டப் போகாமல், வந்து சொல்ல வேண்டும் என்று இரண்டு பேருக்கும் பாடமாக்குங்கள். கண்டால் பொலிசுக்கோ கிராம சேவகருக்கோ அறிவியுங்கள். அந்தக் கவனத்தோடு மண்ணில் விடுங்கள், தாராளமாக விடுங்கள். எங்கள் பிள்ளைகளுக்குக் கிடைக்காதது.

என்ன நடலாம் என்று கேட்டால், பனங்கொட்டை. சிரிக்காதீர்கள். ஆவணி, புரட்டாதியில் விழுகிற பழத்தைப் பிள்ளைகளோடு போய்ப் பொறுக்குங்கள், களியைச் சாப்பிடுங்கள், கொட்டையைச் சேருங்கள். மழைக்கு முன் மண்ணைக் கொத்தி மேடாகப் பாத்தி கட்டி, கொட்டைகளை நெருக்கி அடுக்கி, மேலே மண் போட்டு மூடிவிடுங்கள். வாளியும் வேண்டாம் வலையும் வேண்டாம், வாடை மழை பார்த்துக்கொள்ளும். தையில் கிண்டினால் கிழங்கு. கொட்டையைப் பிளந்தால் உள்ளே பூரான் என்கிற வெள்ளைப் பருப்பு, அதற்குப் பிள்ளைகள் அடிபடும். நீங்கள் சோளகத்தைத் திட்டிக்கொண்டு நிற்கிற இந்த நேரத்தில் பனைகளில் அந்தக் காய் முற்றிக்கொண்டிருக்கிறது, அண்ணாந்து பாருங்கள்.

இன்னொன்று. கடிதத்தை இரண்டாம் முறை வாசிக்கும்போதுதான் கண்ணில் பட்டது. மகள் வாளியில் தண்ணீர் அள்ளுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கேயிருந்து அள்ளுகிறாள்? ஐந்து வயதுப் பிள்ளை தனியாகக் கிணற்றடிக்குப் போகிறதா? அது கட்டுக்கிணறா, இல்லை கட்டில்லாத பழைய தோட்டக்கிணறா? அதைப் பற்றி ஒரு வரி இல்லை, சொட்டுநீரைப் பற்றி மட்டும் கேட்டிருக்கிறீர்கள்! குழாய்க்கிணற்றுக்கு எடுத்து வைத்த காசில் முதலில் கிணற்றுக்குக் கட்டும் கம்பி மூடியும் போடச் சொல்லுங்கள். போட்டுவிட்டு எழுதுங்கள், கத்தரிக்கு எப்போது நாற்றுப் போடுவது என்று அப்போது சொல்கிறேன்.