ஒன்பது வளைவுப் பாலத்தை வீட்டு மேசையில் எழுப்புவது எப்படி?

கேள்வி: நான் பண்டாரவளையில் இருக்கிறேன். மகளுக்கு 14 வயது, அண்ணன் மகனுக்கு 10. அப்பா தோட்டத்தில் கங்காணியாக இருந்து ஓய்வு பெற்றவர். வருகிற பாடசாலை விடுமுறையில் எல்லோரும் சேர்ந்து தெமோதரவில் கோச்சி (ரயில்) போகிற ஒன்பது வளைவுப் பாலத்தைச் சிறிய அளவில் செய்ய ஆசைப்படுகிறோம். போன தடவை காட்போட்டில் ஒரு கோயில் செய்தோம். மழைக்காலத்தில் அது வளைந்து பூஞ்சணமும் பிடித்துவிட்டது. அதைவிட, பிள்ளைகள் பாதியிலேயே சண்டை பிடித்து எழும்பிப் போக, மிச்சத்தை நான் ஒருத்தனாகத்தான் முடித்தேன். இந்த முறை எந்த அளவில், எதை வைத்து, எப்படித் தொடங்கலாம்?

பதில்: முதலில் அளவை முடிவு செய்யுங்கள். பிள்ளைகளின் சண்டைக்கும் பாதி மருந்து அதில்தான் இருக்கிறது.

100க்கு 1 என்று எடுங்கள். நிஜத்தில் ஒரு மீற்றர், உங்கள் மேசையில் ஒரு சென்ரிமீற்றர். பாலம் சுமார் 91 மீற்றர் நீளம், 24 மீற்றர் உயரம், ஏழரை மீற்றர் அகலம். அப்படியே சென்ரிமீற்றராக மாற்றிக்கொண்டால் போதும். இரண்டு பக்கமும் மலைக்கு இடம் விட்டு ஒரு சாப்பாட்டு மேசையில் அடங்கிவிடும். மாதிரி ரயில் செய்பவர்கள் பெரும்பாலும் 76க்கு 1, 87க்கு 1 என்பார்கள். கடையில் கிடைக்கும் எஞ்சின்கள் அந்த அளவுகளில் வருகின்றன, அதுதான் காரணம். ஆனால் அதில் இறங்கினால் ஒவ்வொரு துண்டுக்கும் கல்குலேட்டரைத் தட்ட வேண்டும். அந்த வேலை கடைசியில் உங்கள் தலையில் விழும். 100க்கு 1 என்றால் பத்து வயதுப் பையனே கணக்குச் சொல்வான். கணக்குச் சொல்கிறவனுக்கு வேலையில் பங்கு இருக்கிறது, அவன் எழும்பிப் போகமாட்டான்.

நம் நாட்டுப் பாதைக்கே உரிய இன்னொரு காரணமும் இருக்கிறது. இலங்கை அகலப் பாதையில் தண்டவாளங்களுக்கு இடையே 1,676 மில்லிமீற்றர். நூறால் வகுத்தால் 16.76. கடைகளில் அதிகம் கிடைக்கும் மாதிரித் தண்டவாளத்தின் இடைவெளி 16.5. கிட்டத்தட்ட அச்சொட்டாகப் பொருந்துகிறது! அதே தண்டவாளத்தை 76க்கு 1 பாலத்தின் மேல் போட்டால் பாதை ஒன்றேகால் மீற்றராகச் சுருங்கிவிடும். தினமும் கோச்சியைப் பார்க்கிறவர்களுக்கு அது உடனே கண்ணில் குத்தும்.

இந்த 1,676ஐ அளவுகோலாகவும் வைத்துக்கொள்ளலாம். கோச்சி முகப்பை நேராகப் பிளாட்பாரத்தில் நின்று படம் எடுங்கள் (தண்டவாளத்தில் இறங்க வேண்டாம்). படத்தில் தண்டவாள இடைவெளி எத்தனை மில்லிமீற்றர் என்று பார்த்தால், அதே தூரத்தில் இருக்கிற மற்றப் பகுதிகளின் நிஜ அளவைக் கணக்கிட்டுவிடலாம். இதை மகளிடம் விடுங்கள்.

இனி ஈரப்பதம். உங்கள் கோயில் வளைந்ததற்குக் காட்போட்டின் தரம் காரணமாக இருக்க வாய்ப்புக் குறைவு. ஒரு பக்கம் மட்டும் பசையும் பெயின்டும் பட்டு, மறுபக்கம் வெறுமையாக இருந்தால், அந்த வெறும் பக்கம் மலைக் காற்றின் ஈரத்தைக் குடித்து உப்பும், அட்டை திரும்பிவிடும். ஆகவே காட்போட் பாவிக்கும் இடமெல்லாம் உள்பக்கம், வெளிப்பக்கம், வெட்டிய விளிம்பு மூன்றுக்கும் பெயின்ட் பூச வேண்டும். பைண்டர் கம் (வெள்ளைப் பசை) நம் குளிரில் மெதுவாகத்தான் காயும். ஒட்டியதைத் தட்டையான பலகையில் வைத்து, மேலே பாரம் ஏற்றி, ஒரு இரவு முழுக்க விட்டுவிடுங்கள்.

பாலத்தின் உடலுக்கு நான் ரெஜிபோமைத்தான் (தெர்மோகோல்) சொல்வேன். அது ஈரத்துக்கு அசையாது. ஆனால் தின்னர் கலந்த பெயின்ட், ஸ்பிரே பெயின்ட், சூப்பர் குளூ மூன்றும் அதைக் கரைத்துத் தின்றுவிடும். பைண்டர் கம்மும் சுவருக்குப் பூசுகிற இமல்ஷனும் போதும். மேலே கடைசியாக வார்னிஷ் ஸ்பிரே அடிக்க ஆசை இருந்தால், முதலில் ஒரு பூச்சு இமல்ஷனால் முழுவதையும் மூடிவிட்டு, வெயில் எறிக்கிற நாளாகப் பார்த்து மெல்லியதாக அடியுங்கள். மூடுபனி இறங்குகிற நேரத்தில் அடித்தால் பாலத்தின் மேல் பால் தெளித்த மாதிரி வெள்ளை படியும்.

பாலம் நேர்க்கோட்டில் இல்லை, வளைந்து போகிறது. பலரும் தடுமாறுவது இங்கேதான். தூணில் தொடங்காதீர்கள். மேல்தளத்தை முதலில் வெட்டுங்கள். கடுதாசியில் வளைவை வரைந்து, ரெஜிபோமில் வெட்டி, அதன் இரண்டு விளிம்பையும் நூல் பிடித்து அளந்து பாருங்கள். வெளி விளிம்பு நீளமாக இருக்கும். அந்த மேலதிக நீளத்தை வளைவுகளுக்குப் பங்கு போடக் கூடாது, தூண்களுக்குக் கொடுக்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் ஒவ்வொரு தூணும் உள்ளே ஒடுங்கி வெளியே அகன்று ஆப்பு வடிவில் இருக்கும். அப்போது ஒன்பது வளைவுக்கும், இரண்டு முகத்துக்கும் ஒரே அச்சு போதும். பிறகு வளைவுகள் வெட்டிய முகப்புத் துண்டின் பின்பக்கம் தூண் வருகிற இடங்களில் மேலிருந்து கீழாக லேசாகக் கீறினால், அது தளத்தைச் சுற்றி வளைந்து வரும்.

கல் கட்டுக்கு மை தீர்ந்த போல் பேனை. மூன்று மில்லிமீற்றர் இடைவெளியில் கிடைக்கோடு போட்டால் நிஜத்தில் ஏறக்குறைய ஓர் அடிக் கல் வரிசை. குறுக்குக் கோடுகளை ஒரு வரிக்கு ஒரு வரி தள்ளிப் போட வேண்டும். அழுத்திக் கீறும்போது ரெஜிபோம் நறநறவென்று சத்தம் போடும். சின்னவனுக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது. கட்டர் மட்டும் உங்கள் கையில் இருக்கட்டும்.

நான்கு பேர் சேர்ந்து செய்யும்போது சண்டை பெரும்பாலும் காத்திருப்பதில்தான் தொடங்குகிறது. ஒருவர் ஒட்ட, மூன்று பேர் பார்த்துக்கொண்டு நின்றால் கை சும்மா இருக்காது. பாலம், மலை, தேயிலை, கோச்சி என்று நான்கு பலகைகளாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சொந்தக்காரர். மற்றவர்கள் உதவலாம், ஆனால் முடிவு அவருடையது. பிள்ளை கீறிய கோடு கோணலாக இருந்தால் அவன் தூங்கிய பிறகு திருத்தி வைக்காதீர்கள். அது அவனுக்குத் தெரிந்துவிடும், அடுத்த நாள் வரமாட்டான்.

தேயிலையை அப்பாவிடம் கொடுங்கள். பச்சை ஸ்கிரப்பரைப் பூப்போல் கிள்ளி எட்டு மில்லிமீற்றர் உயரத்துக்கு ஒட்டினால் கொழுந்து பறிக்கிற மட்டத்துச் செடி. நிரைக்கு நிரை நான்கு அடி என்றால் 12 மில்லிமீற்றர். ஆனால் நிரை எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், கான் (வடிகால்) எங்கே வெட்ட வேண்டும், சவுக்கு மரம் எங்கே நிற்க வேண்டும் என்பதெல்லாம் மலையேறி வேலை வாங்கியவருக்குத்தான் தெரியும். அவர் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் கேட்பார்கள், அந்த நேரத்துக்காகவே இந்த வேலையைச் செய்யலாம். மண்ணுக்குத் தேத்தண்ணி ஊற்றி மிஞ்சிய சக்கையே நல்ல நிறம். வெயிலில் காயவிட்டது போதாது, வெறும் சட்டியில் மெல்லிய சூட்டில் வறுத்த பிறகு ஒட்டுங்கள்; இல்லாவிட்டால் பூஞ்சணம் அங்கேதான் முதலில் வரும். வேலை முடிந்ததும் வெளிச்சுவரோடு ஒட்டி வைக்காமல், காற்றுப் போக ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

கோச்சி முதலில் ஓடாததாகவே இருக்கட்டும். அட்டையில் செய்த நீலப் பெட்டிகள் பாலத்தின் மேல் நின்றாலே போதும். பிறகு ஓடவிட ஆசை வந்தால், 16.5 தண்டவாளத்தில் ஓடுகிற எஞ்சினின் அடிச்சட்டத்தை வாங்கி, மேலே நீங்கள் செய்த உடலைப் பொருத்தலாம். மலைப்பாதையின் கடுமையான ஏற்றம் 44க்கு 1, அதாவது ஒரு மீற்றருக்கு 2.3 சென்ரிமீற்றர், மேசையிலும் அதற்கு மேல் ஏற்ற வேண்டாம். தண்டவாளத்தை ஒட்டுவதற்கு முன் ஊசியால் குத்தி நிறுத்தி, எல்லாப் பெட்டிகளையும் மாட்டி இரண்டு பக்கமும் ஓட்டிப் பாருங்கள்.