11 லட்சம் இருப்பு இருக்கிறதாம், பல்பு வாங்கக் காசில்லையாம்

கேள்வி: ஐயா, எங்களுடையது தென்காசி மாவட்டத்தில் 2,800 பேர் உள்ள சின்ன ஊராட்சி. ஆகஸ்ட் 15 கிராம சபையில் தலைவர் வரவு செலவு வாசித்தார். 11 லட்சம் ரூபாய் கையிருப்பு இருக்கிறது, இதுவரை இரண்டு கோடிக்கு மேல் ஊருக்குக் கொண்டுவந்திருக்கிறோம், புது மனைகள் வருகின்றன, ஊர் வளர்கிறது, கோவில் திருவிழாவான சித்திரைக் கொடையில் மிஞ்சிய பணமும் ஊர் நன்மைக்குத்தான் என்றார். கைதட்டிவிட்டு வந்தோம். எங்கள் தெருவில் நான்கு மாதமாக விளக்கு எரியவில்லை. அதைக் கேட்டால் 'நிதி இல்லை' என்கிறார். 11 லட்சம் இருக்கும்போது நிதி எப்படி இல்லாமல் போகும்? ஊரில் ஒருவர், 3,000 ரூபாய் கொடுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் மொத்தக் கணக்கையும் எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: அந்த 3,000 ரூபாயைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அவரைப் பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் தலைவர் கணக்கு.

உங்கள் தலைவர் பொய் சொல்லியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. 11 லட்சம் இருப்பதும் உண்மையாக இருக்கலாம், பல்புக்குக் காசில்லாததும் உண்மையாக இருக்கலாம். நம் வீடுகளில் குலசாமிக்கு நேர்ந்துகொண்டு மஞ்சள் துணியில் முடிந்து வைத்த காசு இருக்கும். அரிசி வாங்கக் காசில்லை என்றாலும் அதைத் தொட மாட்டோம். ஊராட்சிப் பணத்தில் பெரும்பகுதி அப்படி முடிந்து வைத்த பணம்தான்.

ஊராட்சிக்கு ஒரே வங்கிக் கணக்கு கிடையாது. முதல் கணக்கு பொது நிதி. வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், கண்மாய் மீன் குத்தகை, புளியமர ஏலம், பத்திரப் பதிவில் வரும் மேல்வரிப் பங்கு, மாநில நிதிக்குழு மானியம் எல்லாம் இதில் சேரும். பல்பு, மோட்டார் ரிப்பேர், பிளீச்சிங் பவுடர் போன்ற அன்றாடச் செலவெல்லாம் இதிலிருந்துதான். இரண்டாம் கணக்கு மின்வாரியத்துக்கும் குடிநீர் வடிகால் வாரியத்துக்கும் கட்ட மட்டும். அதில் லட்சக்கணக்கில் கிடந்தாலும் கரண்ட் பில் கட்டலாமே தவிர, பல்பு வாங்க முடியாது. மூன்றாவது திட்ட நிதி. எந்த வேலைக்கு வந்ததோ அந்த வேலைக்கு.

இதற்கு மேல் மத்திய நிதிக்குழு மானியம். 15வது நிதிக்குழுவின் காலம் 2026 மார்ச் வரை. 2021-22 முதல் அந்தக் காலம் முடியும்வரை அந்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் கட்டிப்போட்ட பணம். மீதி 40 சதவீதத்தில் சம்பளமும் அலுவலகச் செலவும் தவிர ஊருக்கு வேண்டியதைச் செய்யலாம். தெருவிளக்கும் அதில் அடங்கும். ஆனால் அந்த வேலை ஊராட்சியின் ஆண்டு வளர்ச்சித் திட்டத்தில் முன்பே ஏறியிருக்க வேண்டும். பல ஊர்களில் அதை எழுதுவது செயலர் மட்டும்தான். போன வருடத் திட்டத்தை எடுத்து ஆண்டை மட்டும் மாற்றுவதை என் பணிக்காலத்தில் எத்தனையோ முறை பார்த்துச் சலித்திருக்கிறேன்.

ஆக, ஆண்டுத் திட்டத்தில் தெருவிளக்கு ஏறாதவரை, பல்புக்கு உதவும் பணம் முதல் கணக்கில் இருப்பது மட்டும்தான். உங்கள் ஊரில் 800 வீடு என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்குச் சராசரி 150 ரூபாய் வரி என்றால் வருடத்துக்கு 1,20,000 ரூபாய். அதில் பாதி வீடு கட்டவில்லை என்றால் 60,000. ஆழ்துளைக் கிணற்று மோட்டார் இரண்டு முறை எரிந்தால் அந்தப் பணம் போயே போயிற்று. சரி, மானியம் வருமே என்பீர்கள். வரும். எப்போது வரும் என்பதை ஒன்றிய அலுவலகத்தில் கேட்டால் மேலே கையைக் காட்டுவார்கள். மேலே போய்க் கேட்டால் இன்னும் மேலே காட்டுவார்கள்.

அதனால் 'எவ்வளவு இருப்பு' என்று கேட்காதீர்கள். 'முதல் கணக்கில் எவ்வளவு இருப்பு' என்று கேளுங்கள். அப்போதுதான் உருப்படியான பதில் வரும்.

இரண்டு கோடி கொண்டுவந்தோம் என்ற பேச்சையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். நூறு நாள் வேலைக் கூலி நேராக வேலை செய்தவர் வங்கிக் கணக்குக்குப் போகிறது. கலைஞரின் கனவு இல்லத்தின் 3.5 லட்சம் பயனாளிக்குரியது. இதையெல்லாம் கூட்டிச் சொன்னால் கோடி வரத்தான் செய்யும். சொல்வதில் தப்பில்லை. ஆனால் அது ஊராட்சிப் பெட்டிக்குள் வந்து போன பணம் இல்லை. கொடைப் பணம் முற்றிலும் வேறு. குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி போட்டு ஊர்க்காரர்கள் சேர்த்த பணத்துக்குக் கோவிலில்தான் கணக்குக் கேட்க வேண்டும். உங்கள் பக்கத்து ஊர்களில் தலைவரே கொடைக் கமிட்டியிலும் இருப்பார், இரண்டையும் ஒரே மூச்சில் பேசுவார். கிராம சபைத் தீர்மானத்தில் கொடைப் பணத்தை எழுத இடம் கொடுக்காதீர்கள். பின்னால் எது யாருடைய பணம் என்று பிரிக்க முடியாமல் போகும்.

புது மனைகள் வருகின்றன என்றாரே, அங்கேதான் எனக்கு வயிற்றெரிச்சல். உங்கள் தெரு பழைய ஊருக்குள் இருக்கிறதா, மனைப்பிரிவில் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. மனைப்பிரிவு என்றால் முதலில் பார்க்க வேண்டியது, அந்தத் தெருவை மனை போட்டவர் ஊராட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டாரா என்பது. கொடுக்காதவரை அது தனியார் நிலம். தனியார் நிலத்தில் ஊராட்சிப் பணத்தைச் செலவு செய்தால் தணிக்கையில் மறுப்பு விழும், யாரும் கை வைக்க மாட்டார்கள். மனை விற்றவர் கல் நட்டு, கலர் கொடி கட்டி, 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று விற்றுவிட்டுப் போயிருப்பார். மனைப்பிரிவுக்கு அனுமதி தர ஊராட்சித் தலைவருக்கு அதிகாரமே கிடையாது. அது நகர் ஊரமைப்புத் துறையின் வேலை. 2016 அக்டோபர் 20-க்குப் பிறகு பதிவான அனுமதியற்ற மனைகளுக்கு அரசு கொண்டுவந்த வரன்முறைத் திட்டத்திலும் இடமில்லை. இத்தனை வருடம் கழித்தும் 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்ற சொல்லை நம்பி நகையை விற்று மனை வாங்குகிறார்கள். விளக்கு எரியாததுதான் அதில் ஆகக் குறைந்த தொல்லை.

அடுத்து, கணக்கைச் சரிபார்ப்பது. கிராம சபையில் வாசித்துவிட்டால் மட்டும் போதாது. படிவம் 30 என்ற வரவு செலவு அறிக்கையின் சுருக்கத்தை எல்லோரும் பார்க்கிறபடி பிளக்ஸ் பேனரில் வைக்க வேண்டும். வைத்தார்களா? வைத்திருந்தால் யாராவது போட்டோ எடுத்திருப்பார்கள், வாங்கிப் பாருங்கள். மத்திய நிதிக்குழுப் பணம் மட்டும் என்றால் ஒன்றிய அலுவலகப் பக்கமே போக வேண்டாம். இ-கிராம்ஸ்வராஜ் தளத்தில் உங்கள் ஊராட்சியைத் தேர்ந்தெடுத்தால் ஆண்டுத் திட்டமும் கொடுத்த பணமும் தெரியும். வீட்டில் செல்போன் தெரிந்த பிள்ளை இருந்தால் பத்து நிமிட வேலை.

இந்த இடத்தில் தென்காசிக்கு வெளியே உள்ளவர்களுக்காக ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் எனக்கு வரும் கடிதங்களில் பாதி அவர்களுடையது. உங்கள் மாவட்டம் 2021 அக்டோபரில் தேர்தல் நடந்த 9 மாவட்டங்களில் ஒன்று. அதனால் கேள்வி கேட்க உங்களுக்கு ஒரு தலைவராவது இருக்கிறார். 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மற்ற 28 மாவட்டங்களில் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அங்கே தலைவரும் இல்லை, வார்டு உறுப்பினரும் இல்லை, தனி அலுவலர் ஆட்சி. ஒன்றியத்தின் வட்டார வளர்ச்சி அலுவலர்தான் தனி அலுவலர். ஓர் ஒன்றியத்தில் சராசரி முப்பது ஊராட்சி. ஆகஸ்ட் 15 அன்று ஒரே மனிதர் முப்பது இடத்தில் உட்கார முடியுமா? யாரையோ அனுப்புவார், அவர் தாளைப் பார்த்து வாசிப்பார், கேள்வி கேட்டால் 'மேலே சொல்கிறேன்' என்பார். கிராம சபை அங்கேயும் கூடியாக வேண்டும், படிவம் 30 அங்கேயும் வைக்க வேண்டும், அதில் சலுகை கிடையாது. தணிக்கை இன்னும் வேடிக்கை. ஊராட்சிக் கணக்கைத் தணிக்கை செய்பவர் அதே ஒன்றியத்தின் துணை வட்டார வளர்ச்சி அலுவலர். பணத்தைச் செலவழித்த தனி அலுவலரோ அவருடைய மேலதிகாரி. மேலதிகாரியின் கணக்கில் யார் பிழை எழுதுவார்? 2016 அக்டோபரிலிருந்து மூன்று வருடத்துக்கு மேல் இப்படித்தான் ஓட்டினார்கள். தேர்தல் நடத்தவில்லை என்று மத்திய மானியம் நின்றது. தெரு விளக்கு எரியாததற்கு வாக்காளர் என்ன செய்வார்? தேர்தலைத் தள்ளிப்போட்டவர்கள் யாரும் இருட்டில் நடக்கவில்லை. அந்த 28 மாவட்டத்துக்காரர்கள் தலைவரைத் தேடி அலைய வேண்டாம். மனுவைத் தனி அலுவலர் பெயருக்கே எழுதி, ஒன்றிய அலுவலகத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வையுங்கள்.

இப்போது அந்த 3,000 ரூபாய்க்காரர். தகவல் கேட்கும் மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய். நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழ் இருப்பவர் சான்றிதழ் வைத்தால் மனுவுக்கு அதுவும் இல்லை. தமிழில் கையால் எழுதலாம், எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. பிறகு 3,000 எதற்கு? இந்த ஆட்கள் நடத்தும் வியாபாரம் எனக்கு நன்றாகத் தெரியும். உங்களிடம் வெற்றுத் தாளில் இரண்டு கையெழுத்து வாங்குவார். உங்கள் பெயரில் மனு போடுவார். பிறகு நகலை எடுத்துக்கொண்டு தலைவர் வீட்டுத் திண்ணைக்குப் போவார். 'அண்ணாச்சி, நம்ம பய ஒருத்தன் மனு போட்டிருக்கான், நான் பேசி வாபஸ் வாங்க வைக்கிறேன்' என்பார். அங்கே ஒரு தொகை. உங்களுக்கு வருவது ஒரு பகை. நான் துணை வட்டார வளர்ச்சி அலுவலராக இருந்த ஓர் ஒன்றியத்தில் இப்படி ஒருவர் ஒரே வருடத்தில் இருபது ஊராட்சி மீது மனு போட்டார். ஒரு நகலைக்கூட வந்து வாங்கவில்லை.

மனுவை நீங்களே எழுதுங்கள். முகவரி: பொதுத் தகவல் அலுவலர், வட்டார வளர்ச்சி அலுவலர் (கிராம ஊராட்சிகள்) அலுவலகம், பிறகு உங்கள் ஒன்றியத்தின் பெயர். தவறான அலுவலகம் என்றால் ஐந்து நாளுக்குள் சரியான இடத்துக்கு மாற்றி அனுப்புவது அவர்கள் கடமை. 'ஏன் விளக்கு போடவில்லை' என்று எழுதிவிடாதீர்கள். 'ஏன்' என்பது தகவல் இல்லை என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். 'கடந்த பத்து ஆண்டுக் கணக்கு முழுவதும்' என்றும் கேட்காதீர்கள், ஆயிரம் பக்கம் என்று சொல்லி 2,000 ரூபாய் கட்டச் சொல்வார்கள். இந்த ஆண்டு ஏப்ரல் முதல் ஜூலை வரை முதல் கணக்கின் ரொக்கப் பதிவேடு, அதே மாதங்களின் வங்கிப் பாஸ்புக் பக்கம், தெருவிளக்குப் பொருள் வாங்கிய பில் நகல். இந்த மூன்று போதும். நகலுக்குப் பதில் நேரில் பார்க்கிறேன் என்றும் கேட்கலாம், முதல் ஒரு மணி நேரம் கட்டணமில்லை. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அதற்கடுத்த 30 நாளுக்குள் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். அதற்கும் மேலே மாநிலத் தகவல் ஆணையம். அங்கே போனால் எத்தனை மாதம் ஆகும் என்று கேட்டு என் வாயைக் கிளறாதீர்கள்.

விளக்கு மட்டும் எரிந்தால் போதும் என்றால், 'ஊராட்சி மணி' 155340 எண்ணில் புகார் சொல்லிப் பாருங்கள். சில ஊரில் மறுநாளே வேலை நடக்கிறது. சில ஊரில் புகார் சென்னைக்குப் போய், மாவட்டம், ஒன்றியம் வழியாகச் சுற்றி, அதே செயலர் மேஜைக்கே வந்து, 'நடவடிக்கை எடுக்கப்பட்டது' என்று மூடப்படுகிறது.

அதைவிட உறுதியான இடம் அக்டோபர் 2 கிராம சபை. 2,800 பேர் உள்ள ஊருக்குக் குறைந்தது 100 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். கூட்டம் முடிந்த மறுநாள் வீடு வீடாகக் கையெழுத்து வாங்க ஆள் வந்தால் போடாதீர்கள். தீர்மானம் எழுதாத வெற்றுப் பக்கத்தில் கையெழுத்துக் கேட்டாலும் போடாதீர்கள். நீங்கள் போடும் கையெழுத்துக்கு மேலே என்ன எழுதுவார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. உங்கள் தெருக்காரர் பத்துப் பேரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். விளக்கை அடுத்த ஆண்டுத் திட்டத்தில் சேர்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, தீர்மானப் பதிவேட்டில் ஏறியதைக் கண்ணால் பார்த்துவிட்டு எழுந்திருங்கள். கொடுக்கும் தாளில் மின்கம்பத்தின் எண் இருக்கட்டும். 'எங்கள் தெரு' என்று மட்டும் எழுதினால், எந்தத் தெரு என்று விசாரிப்பதிலேயே இன்னும் நான்கு மாதம் ஓட்டிவிடுவார்கள்.