எலிப்பொறியும் பொறிதான்

கேள்வி: பெரிய ஆலை ஒன்றில் பொறியாளராகச் சேரப் போகிறேன். பதவி ‘உதவி மேலாளர்’. தொழிலாளர்களைவிட எங்களுக்குப் பணிச்சூழல் நன்றாகத்தானே இருக்கும்?

பதில்: பொறி என்றால் தமிழில் இயந்திரம். தீப்பொறி. கண், காது என்கிற ஐம்பொறி. எலி பிடிக்கிற பொறியும் உண்டு. (‘இயந்திரம்’ என்று எழுதியதற்காக மறுபடி கார்டு போடப் போகும் அந்த வாசகருக்கு: சங்கப் பாட்டில் கரும்பு ஆட்டுவது ‘எந்திரம்’தான், ஒப்புக்கொள்கிறேன், நாலு வருடமாக ஒப்புக்கொண்டுதான் வருகிறேன், விட்டுவிடுங்கள்.) நாலு அர்த்தமும் ஒரே ஆள் தலையில் விடிகிற இடம் தொழிற்சாலை.

எலிப்பொறியிலிருந்து தொடங்குவோம். பொறி என்றால் இரை வேண்டும் அல்லவா, உங்களுக்கு வைத்திருக்கும் இரை அந்த ‘உதவி மேலாளர்’. உங்களுக்கு உதவவும் ஆள் இருக்காது, நீங்கள் மேலாளவும் ஆள் இருக்காது, ஆனால் விசிட்டிங் கார்டு இருக்கும். சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1919ல் வாஷிங்டனில் கூடிப் போட்ட முதல் உடன்படிக்கையே ஆலை வேலைக்கு நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்றுதான் சொன்னது. அதிலேயே மேற்பார்வை, நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது என்றும் எழுதிவிட்டார்கள். சரி, மேற்பார்வையாளர் நாலு பேர் என்றால் பரவாயில்லை. அப்புறம் எந்தப் புண்ணியவானோ கண்டுபிடித்தான்: எல்லோருக்கும் மேலாளர் என்று பேர் வைத்துவிட்டால் யாருக்கும் ஓ.டி. (கூடுதல் நேரச் சம்பளம்) தர வேண்டாமே! ‘தொழிலாளர்களைவிட’ என்று கேட்டீர்கள் பாருங்கள், அந்த ஆசை இருக்கிற வரை இந்தப் பொறிக்கு எலி பஞ்சமில்லை.

அடுத்தது காது. எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல் சத்தம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரத்தைப் பாதியாக்கு என்பது பணியிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்காவின் நியோஷ் நிறுவனத்தின் பரிந்துரை. 88 என்றால் நாலு மணி நேரம்தான். உங்களைப் போல மேலாளர் என்ற பேரில் 12 மணி நேரம் நிற்கப் போகிறவருக்கு அதே கணக்கில் 83 பக்கம் இறங்க வேண்டும். பிரஸ் மெஷினுக்கு நீங்கள் மேலாளர் என்று யார் சொல்வது?

ராத்திரி இரண்டு மணிக்கு உற்பத்தி லைன் நிற்கும். கூப்பிடுவார்கள், போவீர்கள். காலையில் மீட்டிங்கில் ‘ஐந்து ஏன்’ நடக்கும். டொயோட்டாவில் பிறந்த முறை அது, அருமையான முறை. மெஷின் ஏன் நின்றது? ஃபியூஸ் போனது. ஏன்? பேரிங் இறுகியது. ஏன்? எண்ணெய் போகவில்லை. ஏன்? பம்ப் தேய்ந்திருந்தது. ஏன்? வடிகட்டி போடாததால் இரும்புத் தூள் உள்ளே போயிருந்தது. அங்கே இப்படி முடியும். நம் மீட்டிங்குகளில் மூன்றாவது ஏனிலேயே உங்கள் பேர் வந்துவிடும், பம்ப் வாங்க ஆறு மாதம் முன்பு நீங்கள் அனுப்பிய மெயில் ஏழாவது ஏனில் இருக்கும், அதுவரை யாரும் போக மாட்டார்கள், டீ ஆறிவிடும்.

வேலைக்குச் சேர வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கையெழுத்துப் போடும் முன் ஏசி, கேன்டீன், பஸ் இதையெல்லாம் கேட்டு நேரத்தை வீணாக்காமல், ராத்திரி பிரேக்டவுனுக்கு வந்தால் மறுநாள் லீவு உண்டா, அது எழுத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். இன்னொன்று, ஆபத்து என்று தெரிந்தால் லைனை நிறுத்த உங்களுக்கு அதிகாரம் உண்டா? டொயோட்டாவில் லைனில் நிற்கிற தொழிலாளியே கயிற்றை இழுக்கலாம், சிக்கல் தீரவில்லை என்றால் லைன் நின்றுவிடும். உதவி மேலாளருக்கு அந்தக் கயிறு இல்லை என்றால் அந்தத் தொழிலாளி வேலை காலி இருக்கிறதா என்று விசாரியுங்கள்.